ஃபத்வா

ஃபத்வா (பத்வா என்றும் எழுதப்படும்) என்பது இஸ்லாமியச் சட்டம் தொடர்பாக ஒருவர் கேட்கும் கேள்விக்கு, அச்சட்டத்தில் புலமை பெற்ற அறிஞர் ஒருவர் அளிக்கும் விடையாகும். விடை அளிப்பவர் முஃப்தி எனவும், கேட்பவர் முஸ்தஃப்தி எனவும், விடை அளிக்கும் பணி இஃப்தா எனவும் அழைக்கப்படுகின்றன. ஃபத்வா என்னும் அரபுச் சொல்லின் பன்மை ஃபதாவா என்பதாகும். தொழுகை, நோன்பு, திருமணம், மணவிலக்கு, சொத்துப் பங்கீடு, கடன், வணிகம் என அன்றாட வாழ்வின் எல்லாத் துறைகள் பற்றியும் ஃபத்வா கேட்கப்படுகிறது.

தமிழில் இச்சொல் "மார்க்கத் தீர்ப்பு" என மொழிபெயர்க்கப்படுவதுண்டு. எனினும் ஃபத்வா என்பது நீதிமன்றத் தீர்ப்புப் போன்றது அன்று. அது ஓர் அறிஞரின் கருத்துரை; கேட்டவர் அதனை ஏற்கலாம், வேறோர் அறிஞரிடம் மீண்டும் கேட்கவும் செய்யலாம். 1989 ஆம் ஆண்டில் எழுத்தாளர் சல்மான் ருஷ்டிக்கு எதிராக ஈரான் நாட்டுத் தலைவர் ஆயத்துல்லா கொமெய்னி வெளியிட்ட ஃபத்வாவுக்குப் பின்னர், இச்சொல் "மரண தண்டனை" என்னும் பொருளில் பலராலும் புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில் நூற்றாண்டுகளாக வழங்கப்பட்டுவரும் ஃபத்வாக்களுள் மிகப் பெரும்பாலானவை வழிபாடு, குடும்பம், பணம் ஆகியவை குறித்த எளிய ஐயங்களுக்கான விடைகளே ஆகும்.

முஃப்தியும் காழியும்

இஸ்லாமியச் சட்ட மரபில் முஃப்தியின் பணியும் காழியின் (நீதிபதியின்) பணியும் வெவ்வேறானவை. தமிழ்நாட்டில் காஜி என்றும் இலங்கையில் காதி என்றும் வழங்குவது இந்தக் காழி என்னும் சொல்லே ஆகும். இவ்விருவருக்கும் இடையிலான முக்கிய வேறுபாடுகள் வருமாறு:

* காழியின் முன் இரு தரப்பினர் வழக்காடுவர். முஃப்தியிடம் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே கேள்வி கேட்பார்.
* காழி சாட்சிகளை விசாரித்து, நடந்தது என்ன என்று கண்டறிவார். முஃப்தி விசாரணை செய்வதில்லை. கேள்வியில் சொல்லப்பட்டவை உண்மை என எடுத்துக்கொண்டு, அதற்குரிய சட்டம் என்ன என்பதை மட்டுமே கூறுவார்.
* காழியின் தீர்ப்பு வழக்காடியவர்களைக் கட்டுப்படுத்தும். அதனை அரசு நிறைவேற்றும். ஃபத்வாவுக்கு அத்தகைய வலிமை இல்லை.
* காழியின் தீர்ப்பு அந்த வழக்குக்கு மட்டும் உரியது. ஃபத்வா அதே நிலையில் உள்ள பிறருக்கும் வழிகாட்டியாக அமையலாம்.

இரண்டாவது வேறுபாடு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கேள்வி தவறாகவோ ஒருதலைப்பட்சமாகவோ எழுதப்பட்டால், விடையும் அதற்கேற்பவே அமையும். "கேள்வியில் கண்டபடி நடந்திருந்தால்" என்னும் நிபந்தனை ஒவ்வொரு ஃபத்வாவிலும், வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், அடங்கியுள்ளது.

வரலாறு

குர்ஆனிலேயே மக்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையாக அமைந்த வசனங்கள் பல உள்ளன. பிறை, மது, சூதாட்டம், மாதவிடாய் ஆகியவை பற்றிய கேள்விகள் இரண்டாம் அத்தியாயத்தில் இடம்பெறுகின்றன. நான்காம் அத்தியாயத்தின் 127 ஆம் வசனமும் 176 ஆம் வசனமும் ஃபத்வா என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லையே பயன்படுத்துகின்றன. இவற்றுள் பின்னது பெற்றோரும் பிள்ளைகளும் இல்லாமல் இறந்தவரின் சொத்துப் பங்கீடு பற்றியதாகும்.

முகம்மது நபியின் மறைவுக்குப் பின் அவருடைய தோழர்களிடம் மக்கள் கேள்வி கேட்டனர். நபியின் மனைவி ஆயிஷா, அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ், அப்துல்லாஹ் இப்னு உமர் ஆகியோர் இவ்வாறு விடையளித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். வாரிசுரிமைச் சட்டத்தில் ஸைத் இப்னு ஸாபித் சிறந்து விளங்கினார்.

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சட்டப் பள்ளிகள் (மத்ஹபுகள்) உருவாயின. ஸுன்னி முஸ்லிம்களிடையே இன்று நிலைத்துள்ள நான்கு பள்ளிகள் அபூஹனீபா (699–767), மாலிக் (711–795), ஷாபிஈ (767–820), அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855) ஆகியோரின் பெயரால் வழங்குகின்றன. ஷீஆ முஸ்லிம்களிடையே ஜஃபரி பள்ளி முதன்மையானது.

புகழ்பெற்ற முஃப்திகளின் விடைகள் பிற்காலத்தில் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. 1508 ஆம் ஆண்டில் மறைந்த அல்-வன்ஷரீஸியின் தொகுப்பு வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் ஆகிய பகுதிகளின் ஃபத்வாக்களைக் கொண்டது. இந்தியாவில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆணைப்படி அறிஞர் குழு ஒன்று ஃபதாவா ஆலம்கீரி என்னும் பெரிய ஹனபி சட்டத் தொகுப்பை அரபு மொழியில் உருவாக்கியது.

உதுமானியப் பேரரசில் தலைமை முஃப்தி ஷைகுல் இஸ்லாம் எனப்பட்டார். 1545 முதல் 1574 வரை இப்பதவியில் இருந்த அபுஸ்ஸுஊத் எஃபெந்தி, பணத்தை அறக்கொடையாக (வக்ஃபு) வைக்கலாம் என விடையளித்தார். நிலமும் கட்டடமும் மட்டுமே வக்ஃபு ஆக முடியும் எனக் கருதியோர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். உதுமானிய ஃபத்வாக்களில் உண்மைப் பெயர்கள் எழுதப்படுவதில்லை. ஆணுக்கு ஸைத், அம்ர் என்றும் பெண்ணுக்கு ஹிந்த் என்றும் பொதுப் பெயர்கள் இடப்பட்டன. கேள்வி விரிவாக எழுதப்பட்டிருக்கும். விடை பல வேளைகளில் "ஆகும்" அல்லது "ஆகாது" என்னும் ஒரே சொல்லாக இருக்கும்.

ஃபத்வா வழங்கும் முறை

முஃப்தி முதலில் குர்ஆனையும், நபியின் சொல், செயல் ஆகியவற்றைக் கூறும் ஹதீஸ்களையும் நோக்குவார். அடுத்து அறிஞர்களின் ஒருமித்த முடிவையும் (இஜ்மாஉ), ஒப்புநோக்கி முடிவு காணும் முறையையும் (கியாஸ்) பயன்படுத்துவார். நடைமுறையில் பெரும்பாலான முஃப்திகள் தம் சட்டப் பள்ளியின் நூல்களில் காணப்படும் முடிவுகளையே எடுத்துரைக்கின்றனர். பள்ளி எதனையும் பின்பற்றாமல் நேரடியாகக் குர்ஆன், ஹதீஸ் ஆகியவற்றிலிருந்து விடை கூறுவோரும் உள்ளனர்.

ஒரு செயல் பற்றிய விடை பொதுவாகப் பின்வரும் ஐந்து வகைகளுள் ஒன்றாக அமையும்:

* கட்டாயக் கடமை (பர்ளு)
* விரும்பத்தக்கது (சுன்னத்)
* அனுமதிக்கப்பட்டது (முபாஹ்)
* வெறுக்கத்தக்கது (மக்ரூஹ்)
* விலக்கப்பட்டது (ஹராம்)

எனவே ஃபத்வா என்பது எப்போதும் "கூடும்", "கூடாது" என்னும் இரண்டு விடைகளுள் ஒன்று எனக் கருதுவது சரியன்று. இடையில் உள்ள மூன்று வகைகளிலும் மனிதரின் விருப்பத்திற்கு இடம் உண்டு.

முஃப்தி கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் பற்றித் தனி நூல்கள் எழுந்தன. இப்னுஸ் ஸலாஹ் (1181–1245), நவவி (1233–1277) ஆகியோரின் எழுத்துகள் இத்துறையில் புகழ்பெற்றவை. கோபம், பசி, தூக்கக் கலக்கம் ஆகிய நிலைகளில் விடை சொல்லலாகாது. தெரியாதவற்றைத் தெரியாது எனக் கூற வேண்டும். தாளில் வெற்றிடம் விட்டு எழுதினால் பிறர் இடையில் சொற்களைச் சேர்த்துவிடக் கூடும் என்பதால் நெருக்கமாக எழுத வேண்டும் என்பன இந்த ஒழுங்குகளுள் சில. இறைவனே நன்கு அறிந்தவன் என்னும் பொருள்படும் அரபுத் தொடருடன் ஃபத்வாவை முடிப்பது மரபு.

வழிபாடு தொடர்பானவை

வழிபாட்டு விதிகளில் சட்டப் பள்ளிகளுக்கு இடையே அடிப்படைகளில் ஒற்றுமையும் நுணுக்கங்களில் வேறுபாடும் காணப்படுகின்றன. நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை என்பதில் நான்கு பள்ளிகளும் ஒன்றுபடுகின்றன. ஆனால் உடலிலிருந்து இரத்தம் வழிந்தால் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் தூய்மை) முறியும் என்பது ஹனபி கருத்து. முறியாது என்பது ஷாபிஈ கருத்து. மாலைத் தொழுகையான அஸரின் நேரம் ஷாபிஈ பள்ளியில், நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டும்போது தொடங்குகிறது. ஹனபி பள்ளியின் பரவலான கருத்துப்படி நிழல் இரு மடங்காக வேண்டும். பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்குவது ஹனபிகளுக்குக் கட்டாயம். ஷாபிஈகளுக்கு அது ஒரு சலுகை.

நோன்பு பற்றிய கேள்விகளில் மருத்துவம் தொடர்பானவை மிகுதி. பழைய நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் ஊசி மருந்து இல்லை. இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பைச் சார்ந்த பன்னாட்டு இஸ்லாமியச் சட்டக் கழகம் 1997 ஆம் ஆண்டில் இது பற்றி ஆராய்ந்தது. கண் சொட்டு மருந்தும், சத்து நீர் ஏற்றுவது தவிர்த்த ஊசி மருந்துகளும் நோன்பை முறிக்கா என அது முடிவு செய்தது. நோயாளிக்கு நோன்பை விட்டுவிடும் சலுகை குர்ஆனிலேயே வழங்கப்பட்டுள்ளது.

குடும்பம் தொடர்பானவை

மஹர்: திருமணத்தின்போது கணவன் மனைவிக்கு அளிக்க வேண்டிய கொடை மஹர் ஆகும். இது மனைவியின் தனி உடைமை. பெண் வீட்டார் மணமகனுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம், தென் தமிழகத்திலும் இலங்கையிலும் கைக்கூலி எனப்படுவது, இதற்கு நேர்மாறானது. அதனைக் கண்டிக்கும் ஃபத்வாக்கள் பல வெளிவந்துள்ள போதிலும் வழக்கம் மறையவில்லை. ஃபத்வாவின் அறிவுரைத் தன்மைக்கு இது ஒரு சான்று.

முத்தலாக்: ஒரே அமர்வில் மூன்று முறை தலாக் கூறினால் அது மூன்றாகவே கணக்கிடப்படும் என்பது நான்கு ஸுன்னி பள்ளிகளின் நிலையாகும். இப்னு தைமிய்யா (1263–1328) அதனை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்றார். தலாக் பற்றிய ஃபத்வாக்களுக்காகத் திமிஷ்க் நகரில் சிறையும் வைக்கப்பட்டார். சிறுபான்மையாக இருந்த இக்கருத்தை எகிப்து 1929 ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று உடனடி முத்தலாக் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

காணாமற்போன கணவன்: ஒரு ஃபத்வா மனித வாழ்வை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும். கணவன் காணாமற்போனால், அவனுடைய வயதினர் எல்லாரும் இறந்திருக்கக் கூடிய காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது பழைய ஹனபி நிலை. அவன் பிறந்ததிலிருந்து 90 ஆண்டுகள் என்றும் அது கணக்கிடப்பட்டது. அதாவது, இளம்பெண் ஒருத்தி தன் வாழ்நாள் முழுவதும் காத்திருக்க நேரிடும். பிரித்தானிய இந்தியாவில் இதிலிருந்தும் கொடுமை செய்யும் கணவனிடமிருந்தும் விடுபட வழியின்றி, திருமணம் முறிய வேண்டும் என்பதற்காகவே சில பெண்கள் மதம் மாறினர். இந்நிலையில் ஹனபி அறிஞரான அஷ்ரஃப் அலீ தானவி (1863–1943) மதீனாவில் இருந்த மாலிகி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். மாலிகி பள்ளியின்படி நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் கைம்பெண்ணுக்குரிய இத்தாக் காலமான நான்கு மாதம் பத்து நாள்களைக் கழித்து மனைவி மறுமணம் செய்யலாம். தேவை கருதி ஹனபிகளும் இதனைப் பின்பற்றலாம் எனத் தானவி 1930களின் தொடக்கத்தில் நூல் ஒன்றில் எழுதினார். இக்கருத்து 1939 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திற்கு வழிவகுத்தது. கணவன் நான்கு ஆண்டுகள் காணாமற்போதல், இரண்டு ஆண்டுகள் பராமரிக்காமல் விடுதல் முதலியவற்றை மணமுறிவுக்குரிய காரணங்களாக அச்சட்டம் ஏற்றது. மதம் மாறுவதால் மட்டும் பெண்ணின் திருமணம் முறியாது எனவும் கூறியது.

வாரிசுரிமை: இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவும் கடனும் கழிக்கப்படும். பின்னர் மரண சாசனம் (வஸிய்யத்) மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் நிறைவேற்றப்படும். எஞ்சியது வாரிசுகளுக்குப் பங்கிடப்படும். எடுத்துக்காட்டாக, பெற்றோர் உயிருடன் இல்லாத ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். பங்கிட வேண்டிய தொகை 24,00,000 ரூபாய் எனக் கொள்வோம்.

* மனைவி: எட்டில் ஒரு பங்கு – 3,00,000 ரூபாய்
* மகன்: எஞ்சியதில் இரு பங்கு – 14,00,000 ரூபாய்
* மகள்: எஞ்சியதில் ஒரு பங்கு – 7,00,000 ரூபாய்

மகளுக்கு மகனின் பாதிப் பங்கு என்பது இன்று விவாதத்திற்கு உள்ளாகியுள்ளது. குடும்பத்தைப் பராமரிப்பதும் மஹர் கொடுப்பதும் ஆணின் கடமை என்பதே மரபுவழி அறிஞர்கள் கூறும் விளக்கம். மறுபுறம், வழக்கத்தின் பெயரால் பெண்களுக்கு அந்தப் பங்கும் மறுக்கப்பட்டதுண்டு. 1937 ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வழக்கத்தை விலக்கி இஸ்லாமியச் சட்டத்தை நிலைநாட்டியது; ஆனால் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949 ஆம் ஆண்டில் செய்த திருத்தம் விவசாய நிலத்தையும் அதனுள் கொண்டுவந்தது.

பொருளாதாரம் தொடர்பானவை

ஸகாத்: குறிப்பிட்ட அளவுக்கு (நிஸாப்) மேல் செல்வம் உள்ளவர், ஒரு சந்திர ஆண்டு நிறைந்தபின் அதில் 2.5 விழுக்காட்டை ஏழைகள் முதலிய எட்டு வகையினருக்கு அளிக்க வேண்டும். தங்கத்தின் நிஸாப் 85 கிராம் எனப் பலரும் கூறுவர். தெற்காசிய ஹனபி அறிஞர்கள் 87.48 கிராம் எனக் கணக்கிடுகின்றனர். இது ஏறத்தாழ 11 பவுன் ஆகும். மழையால் விளையும் பயிருக்குப் பத்தில் ஒரு பங்கும், நீர் இறைத்து விளைவிக்கும் பயிருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும்.

பெண்கள் அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. உண்டு என்பது ஹனபி நிலை. வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாபிஈ பள்ளியின் பரவலான நிலை. 15 பவுன் (120 கிராம்) நகை வைத்திருக்கும் ஹனபிப் பெண் ஆண்டுதோறும் 3 கிராம் தங்கத்தின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். அதே நகையை அணியும் ஷாபிஈப் பெண்ணுக்கு அக்கடமை இல்லை.

வட்டி: வட்டி (ரிபா) குர்ஆனில் தடை செய்யப்பட்டுள்ளது. இன்றைய வங்கி வட்டியும் அதனுள் அடங்கும் எனப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகின்றனர். பன்னாட்டு இஸ்லாமியச் சட்டக் கழகமும் 1985 ஆம் ஆண்டில் அவ்வாறே முடிவு செய்தது. ஆனால் எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த முகம்மது ஸய்யித் தந்தாவி 1989 ஆம் ஆண்டில், அரசின் முதலீட்டுப் பத்திரங்கள் தரும் வருவாய் ஆகுமானது என ஃபத்வா அளித்தார்.

வட்டிக்கு மாற்றாக இலாப நட்டப் பங்கீடு (முளாரபா), குத்தகை (இஜாரா), அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறி விற்றல் (முராபஹா) ஆகிய பழைய ஒப்பந்தங்கள் இஸ்லாமிய வங்கிகளில் பயன்படுத்தப்படுகின்றன. முராபஹாவில் வங்கி ஒரு பொருளை வாங்கி, இலாபம் சேர்த்து வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்கிறது. இது பெயர் மாற்றிய வட்டியே என விமரிசிப்போரும் உள்ளனர். பொருள் உண்மையிலேயே வங்கியின் உடைமையாகி, அதன் இழப்புக்கும் வங்கி பொறுப்பேற்றால்தான் ஒப்பந்தம் செல்லும் என்பது அறிஞர்கள் விதிக்கும் நிபந்தனை.

நிறுவனங்கள்

பிரித்தானிய இந்திய நீதிமன்றங்களில் இஸ்லாமியச் சட்டத்தை எடுத்துரைக்க அறிஞர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். 1864 ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவிகளை நீக்கியது. இதன்பின் மக்கள் மதரஸாக்களை நாடினர். 1866 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேவ்பந்த் தாருல் உலூம் அஞ்சல் வழியாகக் கேள்விகளைப் பெற்று விடை அனுப்பியது.

எகிப்தில் 1895 ஆம் ஆண்டில் தாருல் இஃப்தா நிறுவப்பட்டது. 1899 முதல் 1905 வரை தலைமை முஃப்தியாக இருந்த முகம்மது அப்துஹு, 1903 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதி முஸ்லிம்களின் மூன்று கேள்விகளுக்கு விடையளித்தார். ஐரோப்பியத் தொப்பி அணியலாமா, கிறித்தவர் அறுத்த இறைச்சியை உண்ணலாமா, ஹனபி இமாமின் பின்னால் ஷாபிஈ தொழலாமா என்பனவே அக்கேள்விகள். மூன்றுக்கும் அவர் ஆம் என்றார். இது எகிப்தில் பெரும் சர்ச்சையை எழுப்பியது.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாபிஈ பள்ளி மேலோங்கியுள்ளது. தமிழ்நாட்டின் உள்நாட்டுப் பகுதிகளில் ஹனபி பள்ளியைப் பின்பற்றுவோர் மிகுதி. இறால் உண்பது பற்றிய கேள்வி இவ்வேறுபாட்டை விளக்கும். கடல் உணவில் மீன் மட்டுமே ஆகுமானது என்பது ஹனபி விதி. இறால் மீனா இல்லையா என்பதில் அப்பள்ளியின் அறிஞர்கள் இரு பிரிவாக உள்ளனர். ஷாபிஈகளுக்கு அந்த ஐயமே எழுவதில்லை.

மார்க்கக் கேள்வியைக் குறிக்கும் மஸ்அலா என்னும் அரபுச் சொல் "மசலா" எனத் தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. 1572 ஆம் ஆண்டில் அரங்கேறியதாகக் கூறப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா கேள்வி பதில் வடிவில் அமைந்த காப்பியமாகும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) சட்ட விளக்கங்களை அறபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழில், இயற்றினார். அரபு மொழி அறியாத ஆண்களும் பெண்களும் மார்க்க விதிகளைக் கற்க இவை உதவின. இலங்கையில் 1924 ஆம் ஆண்டில் தோன்றிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஃபத்வா வழங்கும் பணியையும் செய்கிறது.

சட்ட நிலை

ஃபத்வாவின் சட்ட வலிமை நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. மலேசிய மாநிலங்களில் அரசிதழில் வெளியிடப்பட்ட ஃபத்வா அம்மாநில முஸ்லிம்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். இந்தியாவில் அவ்வாறில்லை. 1880 ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதி அதிகாரம் எதனையும் வழங்கவில்லை. 2014 ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம், ஃபத்வா ஒரு கருத்துரை மட்டுமே, அதற்குச் சட்ட ஏற்பு இல்லை, அதனை யார் மீதும் வலிந்து திணிக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. தொடர்பில்லாத மூன்றாம் நபரின் கேள்விக்கு இணங்க, ஒரு தனி மனிதரின் உரிமையைப் பாதிக்கும் ஃபத்வா வழங்கலாகாது எனவும் அறிவுறுத்தியது.

ஃபத்வா கட்டுப்படுத்தாது என்பதில் இத்தீர்ப்பு இஸ்லாமியச் சட்ட மரபின் பழைய நிலையோடு ஒத்துப்போகிறது. எனினும் சட்ட வலிமை இல்லாத ஃபத்வா ஊர்க் கட்டுப்பாட்டின் வலிமையால் திணிக்கப்படுவதுண்டு. விடை ஒன்றைக் கேட்டுப் பெறும் உரிமை, அவ்விடை கட்டளையாக மாறும்போது இல்லாமற் போகிறது. அச்சூழலில் பெரிதும் பாதிக்கப்படுவோர், தாம் கேட்காத கேள்விக்கு விடை சுமக்க நேரிடுவோரே ஆவர்.

இவற்றையும் பார்க்க

* ஷரீஅத்
* இஜ்மாஉ
* ஸகாத்
* மஹர்
* அறபுத்தமிழ்
* ஆயிரமசலா